கன்றுக்கு வந்த லாரி

கமுதிச் சாலையோரம் பேரூராட்சி நட்ட வேப்பங்கன்றின் முன்னால் தண்ணீர் லாரி உறுமிக்கொண்டே நிற்கிறது. வெயில் அதன் தகரத்தில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. ஊழியர் சின்னக்கருப்பன் குழாயைக் கன்றின் பாத்திக்குள் விடுகிறார். பிளாஸ்டிக் குடத்தோடு ஓடி வருகிறாள் சோலையம்மாள். “அண்ணே, ஒரு கொடம் பிடிச்சுக்கிறேன்.” “செடிக்கு மட்டுந்தான் உத்தரவு தாயி. கொடத்துல ஊத்துனா என் வேலை போயிரும்.” முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், குழாயை மட்டும் எடுக்கவில்லை. பாத்தி நிறைந்து ததும்புகிறது. அவள் மண்டியிட்டு, ஆற்று ஊற்றில் அள்ளுவதுபோலவே குடத்துக்குள் கிடந்த கொட்டாங்குச்சியால் அள்ளி, முந்தானை வழியே குடத்தில் வடிக்கிறாள். மண் உறிஞ்சுவதற்குள் அள்ளிவிட வேண்டும். வளையல் குடத்தில் மோதிக்கொண்டே இருக்கிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். லாரி போய்விடுகிறது. குடம் முக்கால் நிறைந்திருக்கிறது. கன்றின் தூரில் வெறும் ஈரம். எங்கிருந்தோ வந்த வெள்ளாடு கொழுந்தை எட்டுகிறது. கல்லெறிந்து விரட்டிவிட்டு, கருவேல முள்ளை ஒடித்து வந்து கன்றைச் சுற்றி நடுகிறாள். விரலில் முள் ஏறுகிறது. குடத்தைப் பார்க்கிறாள், கன்றைப் பார்க்கிறாள். பிறகு குடத்திலிருந்து ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீரைத் தூரில் ஊற்றுகிறாள். “செத்துக்கித்துத் தொலைஞ்சிராத. நீ செத்தா லாரி இங்கன நிக்காது.”