கோவிந்தம்மாவுக்குப் பிடித்த பேய்ப்படம்

“அந்த ஓட்டல் படத்தையே போடு பாய்” என்று கோவிந்தம்மா சொன்னதும் பசியாவரம் தீவு ஊரே அவளைத் திரும்பிப் பார்த்தது.

டிவி, டெக், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பழவேற்காட்டிலிருந்து படகில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த மீரானுக்கே ஆச்சரியம். கையில் இரண்டு கேசட் வைத்திருந்தான். ஒன்று புதுச் சண்டைப் படம். இன்னொன்று போன வாரம் போட்ட இங்கிலீஷ் பேய்ப்படம்.

“பாத்த படத்தையே இன்னாத்துக்குப் பாக்கணும்?” என்றான் பக்கத்து வீட்டுப் பூபதி.

“கட்ன பொண்டாட்டியவே தெனம் பாத்துனு கீறியே, அது இன்னாத்துக்காம்?”



அடேயப்பா, என்ன படம் அது! மலைமேல் நூறு அறை வைத்த ஓட்டல். தங்குவதற்கு ஒரு நாய் இல்லை. மேனேஜர் தன் பெண்டாட்டியை அடித்துக் கொன்று பதினோராம் நம்பர் அறைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டான். பூச்சு காய்வதற்குள் அந்த அறையிலிருந்து மணி அடிக்கிறது. நம் ஊர்ப் பேய்போல புளியமரத்தில் தொங்கிக்கொண்டு கத்துகிற நாகரிகமில்லாத ஜென்மம் அல்ல. மணியடித்துக் கூப்பிடுகிற பேய். வெள்ளைக்காரி செத்தும் மரியாதையை விடவில்லை.

மீரானுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பெயர். சுவரைப் பிளந்துகொண்டு அவள் வெளியே வந்தபோது, “அந்தம்மா கோவமா இருக்காங்க” என்று விளக்கினான். இல்லையென்றால் ஊருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

கோவிந்தம்மா அந்தப் படத்தைக் கொண்டாடியதற்குக் காரணம் வேறு.

அவள் புருஷன் கங்காதரன் பொழுது சாய்ந்தால் சவுக்குத் தோப்பைத் தாண்டிச் சாராயக் கடைக்குப் போவான். திரும்பி வந்தால் கை சும்மா இருக்காது. பொங்கலன்று விட்ட அறையில் அவளுக்கு இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, அவளையே அனுசரித்துப் போகச் சொன்னார்கள். கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். அம்மனும் கூழை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள்.

கடைசியில் ஓட்டல் பேய்தான் உதவிக்கு வந்தது.

படம் பார்த்த மறுநாளிலிருந்து அவன் தோப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்தான். குழம்பில் உப்பு குறைந்தாலும் பேசாமல் தின்றான். சூறைக்காற்றில் தனியாகப் படகு தள்ளுகிற மகா சூரன், ஒரு வெள்ளைக்காரிப் பேய்க்குப் பயந்து வீட்டில் அடங்கிக் கிடக்கிறான்! அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

ஆனால் இன்று மத்தியானம் அவன் தோப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயம் தெளிந்துவிட்டால் பழைய கதைதான். இன்னொரு தடவை ஏற்றியாக வேண்டும்.

“சரிக்கா, உன் இஷ்டம்” என்று மீரான் பேய்ப்படத்தை டெக்குக்குள் தள்ளினான்.

கங்காதரன் மெதுவாக அவளருகே நகர்ந்து வந்தான்.

“வோணாம் கோவிந்து. வேற படம் போடச் சொல்லு.”

“இன்னாய்யா, பேய்னா அவ்ளோ பயமா?”

“பேய் கெடக்குது. பவுடர் பூசுன பொம்பள, அதுக்குப் போய் எவன் பயப்படுவான்?” அவன் குரல் இறங்கியது. “அவ புருசன மாடியிலேர்ந்து தள்ளி உட்டப்ப ஊரே கண்ண மூடிக்கிச்சு. நீ மட்டும் சிரிச்சினு இருந்த. நான் படத்தப் பாக்கல, உன்னத்தான் பாத்துனு இருந்தேன்.”

அவளுக்கு அது ஞாபகமே இல்லை. சிரித்தாளா? சிரித்திருப்பாள்.

டிவியில் எழுத்து ஓடத் தொடங்கியது. பிள்ளைகள் இப்போதே கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

கோவிந்தம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கங்காதரனுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ பாட்டுக்குப் படத்தப் பாரு” என்றாள்.