குழாயில் உப்புக்கறை

கைபேசியில் கைத்துண்டைச் சுற்றி, குரலை மாற்றிக்கொண்டு பேசினாள் அவள்.

"வணக்கம் மேடம், வீட்டுக் குறிப்பு நிகழ்ச்சிங்களா? குழாயில உப்புக்கறை. என்ன தேய்ச்சும் போகலைங்க."

"கவலையை விடுங்க," என்றாள் வானொலித் தொகுப்பாளினி. "பிழிஞ்ச எலுமிச்சை மூடியால நல்லா தேய்ச்சு, கால் மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்க. கண்ணாடி மாதிரி மின்னும்."

இன்னும் ஏதாவது கேட்கலாமா என்று அவள் யோசிப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. வானொலியில் பாட்டு ஆரம்பித்தது.

கணவர் கறையே இல்லாமல் பளபளத்த குழாயைப் பார்த்தார். "நம்ம வீட்டுல கறையெல்லாம் தீர்ந்துபோச்சு. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுலதான் இரவல் வாங்கணும். ஆமா, இந்த எலுமிச்சை வித்தையை உன் ரேடியோ மேடத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே?"

"நான்தான். பெத்தவ கூப்பிட்டா மூணு வருஷமா எடுக்க மாட்டேங்கறா. நேயர்னா ரெண்டு வார்த்தை பேசறாளே!"

பாட்டு முடிந்தது.

"குழாய்க் கறை கேட்ட நேயருக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்," என்றது அதே குரல், கொஞ்சம் கரகரத்து. "கையுறை போட்டுக்கோங்க. எலுமிச்சை பட்டா உங்க விரல் வெடிப்பு எரியும்."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். அந்த வெடிப்பைப் பற்றிப் போனில் அவள் மூச்சே விடவில்லை.