ஆளில்லாத நாற்காலி

“ஆறாம் கோப்பை மட்டும் ஒத்தி வைங்க, மேடம். இதுவரைக்கும் உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்லை.”

நிதித்துறைச் செயலாளர் இப்படிக் கெஞ்சி அந்த அறையின் சுவர்கள்கூட இதற்குமுன் கேட்டதில்லை. எதிரே பேனாவைத் திறந்தபடி நிதியமைச்சர் அமர்ந்திருந்தார். பொருளாதாரப் பேராசிரியையாக இருந்தவர்; கல்விப்புலத்திலிருந்து நேரே அமைச்சரவைக்கு வந்து இரண்டாண்டு ஆகிறது. நண்பகலுக்குள் பட்ஜெட் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

விடைத்தாள் திருத்திய காலத்தில், எழுதியவர் யாரென்று தெரியாதிருக்க, தேர்வெண்ணின்மேல் பழுப்புத் தாள் ஒட்டித் திருத்தியவர் அவர். அந்தப் பழக்கத்தை ஆட்சிக்கும் கொண்டுவந்தார். மானியக் கோப்பு எதுவானாலும் நிறுவனத்தின் பெயரும், கடிதம் எழுதியவர் பெயரும் தாளால் மூடப்பட்டிருக்க வேண்டும். முடிவெழுதிக் கையெழுத்திட்ட பிறகே உரிக்கலாம். அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் ‘ஒட்டுத்தாள் அம்மா’.

“எதுக்கு ஒத்தி வைக்கணும்?”

“காரணத்தைச் சொன்னா பேரைச் சொன்ன மாதிரி ஆயிடும்.”

“அப்போ உங்களுக்குப் பேர் தெரியும்.”

செயலாளர் தலையைச் சொறிந்தார். “ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சேன். மேல் தாள் லேசா காட்டிக் கொடுத்துடுச்சு.”

“பரீட்சை ஹாலா இருந்தா வெளிய அனுப்பியிருப்பேன். கீழ்த் தாளையும் பாத்தீங்களா?”

“அது ரெட்டை மடிப்பு. எழுதின புண்ணியவான் யாருன்னு தெரியலை.”

அமைச்சர் கோப்பிலிருந்த புகார்க் கடிதத்தை உரக்கப் படித்தார். “‘இந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் இப்போது ஆய்வே நடப்பதில்லை. இயக்குநர் நீண்ட விடுப்பில் இருக்கிறார். அவர் திரும்பி வருவாரென்று அறையைப் பூட்டி வைத்து, நாற்காலியை நாள்தோறும் துடைக்க இரண்டு ஊழியர்கள். இதற்கு அரசு மானியம்.’ நல்லா இருக்கே. போன இடத்துல கால் வழுக்கினா வந்து விழறதுக்கு மெத்தை விரிச்சு வெச்சிருக்கார் மனுஷன்.”

“பாவம், மேடம். பாடுபட்டு உருவாக்கின இடம்.”

“பாடுபட்டா பட்டா எழுதிக் கொடுக்கணுமா? மாலைக் கல்லூரிப் பக்கம் போயிருக்கீங்களா? பகலெல்லாம் மூட்டை தூக்கினவங்க, பெஞ்சு இல்லாம நின்னுக்கிட்டே பாடம் கேக்கறாங்க. இங்க நாற்காலி இருக்கு, ஆள் இல்லை. அங்க ஆள் இருக்கு, உட்கார இடம் இல்லை. இதைக்கூட மாத்த முடியலைன்னா எனக்கு எதுக்கு இந்தப் பதவி?”

“அந்தப் பதவியைப் பத்தித்தான் சொல்ல வர்றேன். போன புதன்கிழமை உங்க கட்சியிலேயே பாதிப் பேர் உங்களை ராஜினாமா பண்ணச் சொல்லிட்டாங்க. ஒருவேளை நாளைக்கு நீங்க…” நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எனக்கு என்ன ஆகும்கறது இந்தக் கோப்புல இல்லையே. உங்க அதிகாரிகள் குழு என்ன சொல்லுது?”

“பேர் தெரியாம படிச்சாங்க. நிறுத்தலாம்னு ஒரே வார்த்தையா சொல்லிட்டாங்க.”

பேனா இறங்கியது. ‘மானியம் நிறுத்தப்படுகிறது. தொகை மாலைக் கல்லூரிகளுக்கு. ஊழியர் இருவருக்கும் அங்கேயே பணி.’ கீழே கையெழுத்திட்டார்.

“இப்போ உரிங்க.”

செயலாளர் மேல் தாளை உரித்தார். பெயரை வாசிக்கும்போது அவர் குரல் உடைந்தது. “இது நீங்க உருவாக்கின நிறுவனம், மேடம். தெரியாம உங்க நாற்காலியையே எடுத்துட்டீங்க. நாளைக்கு இங்கேருந்து அனுப்பிட்டா எங்க போவீங்க?”

“கீழ்த் தாள் பாக்கி இருக்கு.”

ரெட்டை மடிப்பு எளிதில் வரவில்லை. நகத்தால் கீறிக் கிழித்தார். கடிதத்தின் அடியில் இருந்தது அமைச்சரின் கையெழுத்து. பக்கத்தில், போன புதன்கிழமைத் தேதி.