வாசல் முத்தம்

"ஏண்டி, படிக்கப் போன ஊர்லயே கன்னத்தக் கழட்டி வெச்சிட்டு வந்துட்டியா?"

முத்தியால்பேட்டை வீட்டு வாசலில் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள் அக்கா ஃபிரான்சுவாஸ். முதலில் வலது கன்னத்தில் முத்தம், பிறகு இடது. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த காலம் முதல் அந்த வீட்டில் வருகிறவர்களை அப்படித்தான் உள்ளே அழைப்பார்கள்.

தங்கை மனோன் காரின் கதவை விட்டு நகரவில்லை.

அக்காவுக்கு ஏழாம் மாதம். நைட்டிக்குள் வயிறு முட்டிக்கொண்டு நின்றது.

பிரெஞ்சு நாட்டு லீல் நகரத்து மாணவர் விடுதியில் பக்கத்துக் கட்டில் அலெக்சாந்த்ராவும் முதலில் வெறுமனே இருமத்தான் செய்தாள். டிசம்பர் வந்துவிட்டால் எல்லாரும் இருமுகிற ஊர். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. பன்றிக் காய்ச்சல் என்றார்கள். மனோன் விமானம் ஏறியபோதும் அவள் செயற்கைச் சுவாசத்தில்தான் கிடந்தாள்.

இருமல் உள்ளவர்கள் கர்ப்பிணிகளை நெருங்க வேண்டாம் என்று விடுதிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மனோன் அதைத் தினமும் படித்தாள்.

"குளிர் ஊரு இருமல்தாம்மா. நம்மூரு வெயில் பட்டா ஓடிப்பூடும்," என்றபடி அப்பா பெட்டியை இறக்கினார். காரில் வழிநெடுக அவர் மகளின் இருமலைக் கேட்டுக்கொண்டு வந்தவர்.

"மெட்ராஸ் ஏர்போர்ட்ல சோதிச்சுத்தான விட்டாங்க? ஜொரம் இல்லன்னுட்டாங்களே," என்றாள் அம்மா.

இல்லைதான். விமானம் இறங்குவதற்குச் சற்று முன்பு மனோன் இரண்டு காய்ச்சல் மாத்திரைகளை விழுங்கியிருந்தாள். கிறிஸ்துமஸுக்குத் தனி வார்டில் கிடக்க அவளுக்கு மனமில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

மாத்திரையின் வேகம் இப்போது இறங்கிக்கொண்டிருந்தது. உச்சி வெயிலில் முதுகு நடுங்கியது.

ஒரு கையை இடுப்பில் ஊன்றி, அக்காவே படியிறங்கி வந்தாள்.

கிட்ட வராதே என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் இருமல் முந்திக்கொள்ளும். அது தொண்டையில் வந்து நின்றிருந்தது. மனோன் உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

"பெரிய படிப்புக்காரிக்கு வெக்கத்தப் பாரு," என்று அக்கா அவளை இழுத்துக் கன்னத்தோடு கன்னம் வைத்தாள்.

அக்காவின் சிரிப்பு நின்றது.

"என்னாடி இது, இப்பிடிக் கொதிக்குது?"

இனி விலகிவிடுவாள் என்று மனோன் நினைத்தாள்.

அக்கா இரண்டு கைகளாலும் அவள் முகத்தை ஏந்தி, நெற்றியில் தன் உதட்டை வைத்துச் சூடு பார்த்தாள்.

மனோன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.