அனைவருக்கும் பதில்

“உங்க மெயில் பெட்டி நிரம்பியிருக்குன்னு வருதும்மா. நாலு தடவை அனுப்பிட்டோம், நாலு தடவையும் திரும்பி வந்துடுச்சு” என்றாள் ஆஸ்பத்திரி அலுவலகத்துப் பெண், போனில். “அஞ்சு மணிக்குள்ள உங்க சம்மதம் வரலேன்னா வேலை பட்டியல்ல அடுத்தவங்களுக்குப் போயிடும். பக்கத்துல கண்ணு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா போனைக் குடுங்களேன்.”

“என் வீட்டுக்காரர் இருக்காரு. அவருக்குக் கண்ணு தெரியும், மெயில்தான் தெரியாது” என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

மணி மூன்றரை. நோயாளி சொல்வதை டாக்டருக்கும், டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் புரியவைக்கிற வேலை அவளுடையது. ஆறு வருடமாகக் கூப்பிட்ட அன்று மட்டும் போய்வந்தவளுக்கு, இப்போதுதான் அதே ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கனிந்திருந்தது. அந்த உத்தரவுதான் வாசல்வரை வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தது.

பிறவியிலேயே பார்வை இல்லாதவள். கடிதம், குறிப்பு எல்லாம் மடியில் வைத்துக்கொள்ளும் பிரெய்ல் கருவியில்தான். திரை கிடையாது. வரிசையாக எழும்பும் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்க வேண்டும். வேண்டுமானால் குரலிலும் சொல்லும். நல்ல கருவிதான், மெயில் வைக்கத்தான் கையகல இடம்.

அந்தக் கையகல இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது யார் என்று அவளுக்குத் தெரியும். இதே கருவியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு மெயில் குழு உண்டு. முந்நூறு பேர். நிர்வாகி அவளேதான். போன திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த வயலின் டீச்சர் ஒருத்தி, இவள் அனுமதித்துக் குழுவுக்குப் போன முதல் கடிதத்தில், இரண்டே வரியில் கேட்டிருந்தாள்: கருவியில் மெயில் வைக்க இடமில்லை என்கிறது, என்ன செய்யலாம்?

பேராசிரியர் ஒருவர் ஏழு பக்கம் எழுதினார். கம்ப்யூட்டர் நினைவகத்தின் வரலாற்றில் தொடங்கியவர், கேட்ட கேள்விக்கு வரவே ஐந்தாம் பக்கம் ஆகிவிட்டது. குழுவில் இருந்த வக்கீல் அதைப் பத்தி பத்தியாக மறுத்தார். இன்னொரு புண்ணியவான் ‘இடத்தை மிச்சம் பிடிப்பது எப்படி’ என்று அரை மணி நேரம் பேசிப் பதிவுசெய்து இணைத்து அனுப்பினார். அது ஒன்றே ஆளாளுக்கு இருந்த இடத்தில் கால்வாசியை விழுங்கிற்று. எல்லோரும் ‘அனைவருக்கும் பதில்’ என்பதைத்தான் அழுத்தினார்கள். ஒவ்வொரு கடிதமும் அதற்கு முந்தைய கடிதங்கள் அத்தனையையும் வாலில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் நாளிலிருந்து, எனக்கும் இடமில்லை, எனக்கும் இடமில்லை என்று கடிதங்கள் வர ஆரம்பித்தன. அவையும் அனைவருக்கும்தான்.

கட்டுப்பாடு வேண்டும் என்று நிர்வாகி பதினொரு முறை எழுதினாள். அனைவருக்கும்.

இப்போது நானூற்றுச் சொச்சம் கடிதங்களையும் ஒன்றுவிடாமல் அழித்தாள். விரல் மரத்துப்போயிற்று. மணி நாலே கால். கருவி இன்னும் இடமில்லை என்றே சொன்னது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேராசிரியருக்கு போன் போட்டாள். அவர் நினைவகத்தின் வரலாற்றில் தொடங்கினார். வைத்துவிட்டாள்.

கணவன் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றான்.

“அழிச்சதெல்லாம் எங்க போகும்?”

“குப்பைக் கூடைக்கு.”

“அந்தக் கூடை யார் வீட்டுல இருக்கு?”

அவள் விரலால் தேடிப் பார்த்தாள். கூடை இந்தக் கருவிக்குள்ளேதான் இருந்தது. காலி செய்துவிட்டு, மறுபடி அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரி உத்தரவு வந்து இறங்கியது. சம்மதம் போனது. ஐந்தடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது, கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்று அந்தப் பெண்ணே போனில் சொன்னாள். கணவனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

சந்தோஷம் அடங்கியதும் கோபம் வந்தது. முந்நூறு பேர் எட்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டோமே, கேள்வி கேட்ட மகராசி ஒரு நன்றி சொன்னாளா? வாயே திறக்கவில்லையே.

இதையே குழுவில் எழுதினாள். இப்படிப்பட்டவர்கள் நமக்குத் தேவையா என்றும் கேட்டாள். பேராசிரியர் நாலு பக்கத்தில் ஆமோதித்தார். வக்கீலும் ஆமோதித்தார். அந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது குழுவின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. நன்றி கெட்ட ஜென்மம், நீக்குங்கள் என்று இருபது பேர் எழுதினார்கள்.

“போகட்டும் விடேன்” என்றான் கணவன்.

“ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா?” என்று சொல்லிக்கொண்டே, நிர்வாகிப் பக்கத்தைத் திறந்து, டீச்சரின் பெயரைத் தேடி எடுத்து, நீக்கிவிட்டாள்.

கருவி தன் உணர்ச்சியற்ற குரலில் அறிவித்தது: “உறுப்பினர் நீக்கப்பட்டார். புதிய உறுப்பினர் என்பதால் நிர்வாகியின் அனுமதிக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்த இவரது கடிதம் ஒன்று உள்ளது.”

அவள் விரலை மெல்ல ஓட்டினாள். ‘நானே சரிசெய்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி. தயவுசெய்து யாரும் பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம்’ என்றிருந்த அந்தக் கடிதம், போன திங்கட்கிழமை, கேள்வி வந்த பதினோராவது நிமிடத்தில் எழுதப்பட்டிருந்தது.