வந்துட்டீயளா

"குடி நோய் இல்லம்மா, படிச்ச பாடம். எதைக் கண்டா, எதைக் கேட்டா அது ஞாபகம் வருதுன்னு பாத்துட்டா அழிச்சிடலாம்" என்றார், குடியை மறக்கவைக்கும் மறதி நிலையத்துப் பயிற்சியாளர்.

சங்கரலிங்கத்திடம் பாட்டிலைக் காட்டினார்கள், தம்ளரைக் காட்டினார்கள். ஆசையை அளக்கும் முள் அவ்வளவாக அசையவில்லை. "வந்துட்டீயளா?" என்று மனைவி வடிவு கேட்டதும்தான் துள்ளியது.

கடை வாசலில் விழுந்து கிடக்க வேண்டாமென்று, சாயங்காலம் அவர் வந்ததும் அப்படிக் கேட்டபடியே பாட்டிலும் வறுத்த நெத்திலியும் எடுத்து வைத்தவள் அவள்தான்.

நிலையத்தில் அவள் குரலைப் பதிவு செய்து மாதக்கணக்கில் அவருக்குப் போட்டார்கள். குரலுக்குப் பின்னால் ஒருமுறைகூட பாட்டிலோ நெத்திலியோ வரவில்லை. முள் அடங்கியது.

வீடு திரும்பியவரின் கண் தெளிந்திருந்தது. கை நடுங்கவில்லை.

"வந்துட்டீயளா?"

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வடிவு கிட்டே போய்க் கேட்டாள். பிறகு உரக்கக் கேட்டாள். கடைசியில் தோளைத் தொட்டாள்.

திரும்பியவர் சிரித்தார். "இங்கனதான் இருக்கியாட்டி? நான் வந்து எவ்ளோ நேரமாச்சு! வந்துட்டீயளான்னு ஒரு வார்த்தை கேக்கலையே."