ஒன்றாம் எண்

கணினிக்குள் தனித்தனி அறைகள்போலப் பிரித்த கண்டெய்னர்களுக்குள் ஓடும் புரோகிராம்கள், கணினியின் மைய மென்பொருளான கெர்னலிடம் என்ன கேட்கின்றன என்று ஒட்டுக்கேட்கும் கருவி அது. எழுதியவர் வேதமுத்து, வீட்டிலிருந்து சரிபார்ப்பவள் ஜெசிந்தா. கருவி தன் பேச்சையே கேட்டுக்கொண்டிருக்கக் கூடாதென்று, தன் கண்டெய்னருக்குள் அதற்குக் கிடைத்த வரிசை எண்ணான ஒன்றை அவர் விலக்கி வைத்திருந்தார். ஆனால் எந்தக் கண்டெய்னருக்குள்ளும் முதலில் தொடங்கும் புரோகிராமுக்கு எண் ஒன்றுதான். அத்தனையும் கேட்கப்படாமலே கிடந்தன.

ஜெசிந்தா அதைத் திருத்தியதும் திரையில் ஒரு வரி வந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை அதே வரி. ஏதோ ஒரு புரோகிராம், எப்போதோ அகற்றப்பட்ட சர்வரை மூன்று வருடமாக அழைத்துக்கொண்டிருந்தது.

வேதமுத்துவுக்குப் போன் செய்தாள். “சார், இதை யாரு ஓட விட்டது?”

“தெரியலம்மா. அந்த டீமே இப்ப இல்ல. கில் பண்ணிடு.”

அன்று அவளிடம் யாரும் பேசியது அவ்வளவுதான்.

நிறுத்த மனம் வரவில்லை. அந்தப் பழைய முகவரியைத் தன் கணினிக்குத் திருப்பி, அடுத்த அழைப்புக்கு ‘இருக்கிறேன்’ என்று பதில் அனுப்பினாள்.

பதில் கிடைத்ததும் தன் வேலை முடிந்ததென்று அந்தப் புரோகிராம் நின்றுவிட்டது. ஜெசிந்தா அடுத்த நிமிடத்துக்காகக் காத்திருந்தாள்.